நம்பர் தந்தோம், சம்மதம் தரவில்லை

புத்தளம் டவுனில் ஒரு சட்டை வாங்கினாலும் பில் போடுற இடத்தில "நம்பர் சொல்லுங்க" என்கிறார்கள். பின்னால ஆள் நிற்குது, சொல்லிட்டு வாறோம். அதுக்குப் பிறகு ஓஃபர் மெசேஜ் நிற்கிறதே இல்லை. நாம நம்பர் சொன்னது பில்லுக்கு. விளம்பரம் அனுப்பலாமா என்று யாரும் கேட்கவில்லை.

சட்டம் இல்லையா? இருக்கு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் நான்காம் பகுதி சொல்வது இதுதான்: சம்மதம் தந்தவருக்கு மட்டுமே விளம்பரச் செய்தி அனுப்பலாம். நம்பர் வாங்கும்போதும், ஒவ்வொரு மெசேஜிலும், அதைக் காசில்லாமல் நிறுத்தும் வழியைச் சொல்ல வேண்டும். சட்டத்தை மீறினால் தண்டம் 1 கோடி ரூபாய் வரை போகலாம்.

ஆனா சட்டம் வந்தபோது தந்த அவகாசத்தைப் பாருங்க. சட்டத்தின் பிரதான பகுதிகளுக்கு 18 முதல் 36 மாதம். விளம்பரச் செய்திக்கு மட்டும் 24 முதல் 48 மாதம். எங்கட போனை நிரப்புறவங்களுக்குத்தான் ஒரு வருஷம் கூடுதல் சலுகை! பிரதான பகுதிகளுக்குக் குறித்த 2025 மார்ச் 18உம் தள்ளிப் போடப்பட்டது.

அமெரிக்காவில் 1991இலேயே சட்டம் வந்துவிட்டது. சம்மதமில்லாத விளம்பர மெசேஜ் ஒன்றுக்கு 500 டொலர் கேட்டு, வாங்கியவரே வழக்குப் போடலாம். அது போதாதென்று 2021இல் புளோரிடா மாநிலம் தனியாக இன்னொரு சட்டம் போட்டது. அங்க அனுப்புறவன் பயப்படுறான். இங்க வாங்குறவன் அழிச்சு அழிச்சுக் களைக்கிறான்.

எங்களுக்கு இன்னொரு பிரச்சினையும் இருக்கு: மொழி. 1987இலிருந்து தமிழும் அரசகரும மொழி. ஆனா மெசேஜை நிறுத்தும் வழி கடைசி வரியில், இங்கிலீஷில். கற்பிட்டியில் கடலுக்குப் போறவர் அதை வாசித்து விளங்கித்தான் விலக வேண்டுமா? வானிலை எச்சரிக்கையும் அதே போனுக்குத்தான் வருது. பத்து ஓஃபருக்கு நடுவுல அது கண்ணில் படாமல் போனால் யார் பொறுப்பு?

"சின்ன வியாபாரிகள் பாவம்" என்பார்கள். வீட்டில கேக் செய்து விற்கிற அக்காவை இந்தச் சட்டம் தடுக்கவில்லை. கேட்டுட்டு அனுப்பச் சொல்லுது, அவ்வளவுதான். விருப்பப்பட்டுச் சேர்ந்த ஐம்பது பேர், விலைக்கு வாங்கிய ஐயாயிரம் நம்பரை விட அவவுக்கு லாபம்.

அரசாங்கம் நான்காம் பகுதியை இனியும் தள்ளிப் போடக்கூடாது. சம்மதத்தைத் தனிக் கேள்வியாக, தமிழிலும் கேட்க வைக்க வேண்டும். அதுவரைக்கும் பில் போடுற இடத்தில நாம திருப்பிக் கேட்போம்: "நம்பர் எதுக்கு?"