மாத்திரை இல்லாத ஏழு நாட்கள்

ஆசிரியருக்கு,

மார்பகப் புற்றுநோய் பற்றிய உங்கள் கட்டுரை ஊசி மருந்துகளோடு நின்றுவிட்டது. நோய் பரவிய பலருக்கு இன்று சிகிச்சை வீட்டிலேயே, மாத்திரையாக நடக்கிறது. பக்கத்தில் நர்ஸ் இல்லாததால் கவனம் கூடுதலாக வேண்டும்.

இந்த மாத்திரைகளில் பால்போசிக்லிப் பொதுவாக 21 நாள் சாப்பிட்டு 7 நாள் நிறுத்த வேண்டியது; கேபசிடபைன் பெரும்பாலும் 14 நாள், பிறகு 7 நாள் ஓய்வு. உடம்பு தேறுவதற்கான நாட்கள் அவை. ‘நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று ஓய்விலும் தொடர்வது ஆபத்து. ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரட்டிப்பாகப் போடவும் கூடாது.

கேபசிடபைன் எடுப்பவருக்கு உள்ளங்கையும் பாதமும் சிவந்து வலித்தாலோ, வயிற்றுப்போக்கு தொடர்ந்தாலோ, அன்றே மருத்துவரைக் கேட்க வேண்டும். எந்த மாத்திரையானாலும் காய்ச்சல் வந்தால் காத்திருக்கவே கூடாது. நம் வீட்டுப் பெண்கள் வலியை வெளியே சொல்லாமல் பொறுத்துக்கொள்வார்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை.

‘சத்து மாத்திரைதானே’ என்று எடுக்கும் ஃபோலிக் அமிலம்கூட கேபசிடபைனின் பக்கவிளைவைக் கூட்டும். கேபசிடபைன், இரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரினோடு சேர்ந்தால் இரத்தக்கசிவு வரலாம். நாட்டு மருந்து உட்பட எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மாத்திரை போடும் நாட்கள், நிறுத்தும் நாட்கள், அவசரத்துக்கு அழைக்கும் எண் மூன்றையும் தமிழில் அச்சிட்ட அட்டையை மருத்துவமனைகள் நோயாளியின் கையில் கொடுக்க வேண்டும்.

வாசகி, திருச்சி