கெட்டிக்காரப் பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம்?

மந்தமான பிள்ளையைப் பெற்றவர்களுக்கு ஒரு கவலை. கெட்டிக்காரப் பிள்ளையைப் பெற்றவர்களுக்கு ஒன்பது கவலை!

பிள்ளைக்கு 5 வயதுதான் ஆகிறது. பஸ்சில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்து விடுகிறது. கடைக்காரர் கொடுத்த மீதிச் சில்லறை சரியா, தப்பா என்று சொல்லி விடுகிறது. "நிலா ஏன் நம் கூடவே வருகிறது?" என்று கேட்டு அப்பாவைத் திணற வைக்கிறது.

வீட்டில் பேச்சு தொடங்கி விடுகிறது.

"இவளைச் சாதாரணப் பள்ளிக்கூடத்தில் போட்டு வீணாக்காதீர்கள்" என்கிறார் மாமா.

"அந்தப் பெரிய பள்ளியில் சேருங்கள். அங்கே இடம் கிடைப்பதே பெரும்பாடு" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

அப்பா கடன் கணக்குப் போடுகிறார். அம்மா கழுத்துச் சங்கிலியைத் தடவிப் பார்க்கிறாள்.

ஊரில் 4 தனியார் பள்ளிகள் இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது?

இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. பள்ளிக்குப் போனதும் முதல் பெஞ்சைப் பார்க்காதீர்கள். கடைசி பெஞ்சைப் பாருங்கள்!

படிப்பு ஏறாத பிள்ளையை எந்தப் பள்ளி அன்பாக நடத்துகிறதோ, அந்தப் பள்ளிதான் கெட்டிக்காரப் பிள்ளைக்கும் ஏற்ற பள்ளி.

இது என்ன வேடிக்கை என்று தோன்றும். வேடிக்கை அல்ல. காரணம் இருக்கிறது.

பெயர்ப் பலகை

முதலில் பெயர்ப் பலகையைப் பார்ப்போம். "மெட்ரிக் பள்ளி" என்று போட்டிருந்தால் உயர்ந்த படிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு காலத்தில் மெட்ரிக் பள்ளிக்குத் தனிப் பாடத்திட்டம் இருந்தது உண்மை. 2010-ம் ஆண்டு தமிழ்நாட்டில் சமச்சீர் கல்விச் சட்டம் வந்தது. வழக்கு நடந்தது. 2011-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகு, 10-ம் வகுப்பு வரை, மெட்ரிக் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் ஒரே பாடத்திட்டம்தான்.

சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் மத்திய அரசின் பாடத்திட்டம். அடிக்கடி வெளி மாநிலத்துக்கு மாற்றலாகும் குடும்பத்துக்கு அது வசதி. ஆனால், பாடத்திட்டம் என்பது வெறும் அரிசிதான். சோறாக்குகிறவர் ஆசிரியர். நல்ல அரிசியைக் குழைய விடுகிறவரும் உண்டு. ரேஷன் அரிசியை மல்லிகைப் பூவாக வடிக்கிறவரும் உண்டு.

ஆகவே, பலகையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். "இந்தப் பள்ளியில் ஆசிரியர்கள் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். ஆண்டுக்கு ஆண்டு ஆசிரியர் மாறும் பள்ளியில் உங்கள் பிள்ளையின் கெட்டிக்காரத்தனத்தை யார் கவனித்து வைத்திருப்பார்கள்?

பொறுக்கி எடுத்த நெல்

சில பள்ளிகள், சேரும்போதே பிள்ளைக்குப் பரீட்சை வைக்கின்றன. அப்பாவையும் அம்மாவையும் உட்கார வைத்துக் கேள்வி கேட்கின்றன. பிள்ளை தேறி விட்டால் பெற்றோருக்குப் பெருமை தாங்கவில்லை.

இது பெருமைப்பட வேண்டிய காரியம் அல்ல. சட்டம் தடுத்திருக்கும் காரியம். 2009-ம் ஆண்டு வந்த கல்வி உரிமைச் சட்டம், பள்ளியில் சேர்க்கும்போது பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்துப் பார்த்துப் பொறுக்கி எடுக்கக் கூடாது என்கிறது. முதல் தடவை மீறினால் 25 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். அதற்கு மேல் ஒவ்வொரு தடவையும் 50 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். (சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று 2014-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு கூறியது.)

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நியாயத்தைப் பாருங்கள். மணி மணியான நெல்லாகப் பொறுக்கி விதைத்தவன், "விளைச்சல் எல்லாம் என் கைராசி" என்று சொன்னால் ஒப்புக் கொள்வோமா? நன்றாகப் படிக்கிற பிள்ளைகளை மட்டும் சேர்த்துக் கொண்டு, "எங்கள் பள்ளியில் எல்லாரும் முதல் வகுப்பு" என்று விளம்பரம் செய்வதும் அப்படித்தான். அந்த மார்க்கு, பிள்ளை வீட்டில் இருந்து கொண்டு வந்தது. பள்ளி கொடுத்தது எது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

ராமானுஜன் தவறினார்

கெட்டிக்காரப் பிள்ளை எல்லாவற்றிலும் கெட்டியாக இருக்கும் என்று நினைப்பது தப்பு.

கணித மேதை ராமானுஜனை எடுத்துக் கொள்ளுங்கள். கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். 1904-ம் ஆண்டு பள்ளிப் படிப்பை முடித்தபோது கணக்குக்குப் பரிசு வாங்கினார். உதவித் தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறு பாடத்தில் மனம் போகவில்லை. மற்றப் பாடங்களில் தேறவில்லை. உதவித் தொகை பறிபோனது! பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். எப்.ஏ. பரீட்சையில் அங்கும் தேறவில்லை. அதே ராமானுஜன்தான் 1918-ம் ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார்.

ராமானுஜன் ஆயிரத்தில் ஒருவர் அல்ல, கோடியில் ஒருவர். ஆனாலும், அவருக்கு நேர்ந்தது எல்லாப் பிள்ளைக்கும் நேரக் கூடும். கணக்கில் புலியாக இருக்கும் பிள்ளைக்குக் கையெழுத்து கோழிக் கிறுக்கலாக இருக்கும். புத்தகத்தைக் கரைத்துக் குடிக்கும் பிள்ளை, நாலு பேர் முன்னால் வாய் திறக்காது. ஒரு பாடத்தில் முதல் பெஞ்சில் இருக்கும் பிள்ளை, இன்னொரு பாடத்தில் கடைசி பெஞ்சுக்குப் போகும்.

அப்போது பள்ளி என்ன செய்யும்? கடைசி பெஞ்சுப் பிள்ளையைத் திட்டிப் பழகிய பள்ளி, உங்கள் பிள்ளையையும் திட்டும். தட்டிக் கொடுத்துப் பழகிய பள்ளி, உங்கள் பிள்ளையையும் தட்டிக் கொடுக்கும்.

இன்னொன்றும் உண்டு. பக்கத்துப் பிள்ளை தப்பாகப் பதில் சொல்லி அவமானப்படுவதைத் தினமும் பார்க்கிறது கெட்டிக்காரப் பிள்ளை. என்ன கற்றுக் கொள்ளும்? "தெரியாததைச் சொல்லக் கூடாது. கேள்வி கேட்கக் கூடாது" என்று கற்றுக் கொள்ளும். நிலா ஏன் கூட வருகிறது என்று கேட்ட வாய் மூடிக் கொள்ளும். அதை விடப் பெரிய நஷ்டம் என்ன இருக்கிறது?

"சலித்துப் போகாதா?"

"மெதுவாகப் படிக்கிற பிள்ளைகளோடு உட்கார்ந்தால் எங்கள் பிள்ளைக்குச் சலித்துப் போகுமே?" என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்வி.

அதை ஆசிரியரிடமே இப்படிக் கேளுங்கள்: "ஒரு பிள்ளை கணக்கை முதலில் முடித்து விட்டால், அது அடுத்து என்ன செய்யும்?"

"கை கட்டி உட்கார்ந்திருக்கும்" என்றால், அந்தப் பள்ளி வேண்டாம். "அதே மாதிரி இன்னும் 10 கணக்குப் போடும்" என்றாலும் வேண்டாம். அது தண்டனை! "அதை விடக் கடினமான ஒரு கணக்குக் கொடுப்போம், அலமாரியில் இருந்து பிடித்த புத்தகத்தை எடுத்துப் படிக்கும்" என்று சொன்னால், அந்த அலமாரியைப் போய்ப் பாருங்கள். பூட்டி இருக்கிறதா? புத்தகத்தின் ஓரம் கசங்கி இருக்கிறதா? கசங்கி இருந்தால் நல்ல பள்ளி.

சிலர் ஒரு வகுப்பைத் தாண்டி மேல் வகுப்பில் போடச் சொல்கிறார்கள். சர் சி.வி. ராமன் 11 வயதில் மெட்ரிகுலேஷன் தேறினாரே என்கிறார்கள். உண்மைதான். அவருடைய தந்தை கல்லூரி ஆசிரியர். வீட்டிலேயே படிப்பு இருந்தது. பிள்ளைக்கு அறிவு முந்தி வளரலாம். ஆனால் அழுகையும், விளையாட்டும், தோழமையும் வயதோடுதான் வளரும். காயைத் தடியால் அடித்துக் கனிய வைக்க முடியுமா?

வேனில் போகும் 400 மணி

பெரிய பள்ளி தூரத்தில் இருக்கிறது. வேனில் போக ஒரு மணி; வர ஒரு மணி. ஆண்டுக்கு 200 நாள் பள்ளி என்றால் 400 மணி நேரம். 5-ம் வகுப்பு வரை ஆண்டுக்கு 800 மணி நேரம் பாடம் நடக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பாடம் படிக்கும் நேரத்தில் பாதி நேரத்தை, சின்னஞ்சிறு பிள்ளை வேனில் குலுங்கியே கழிக்க வேண்டுமா?

பணத்தையும் பாருங்கள். ஒரு பள்ளியில் ஆண்டுக்கு 30 ஆயிரம், இன்னொன்றில் 90 ஆயிரம் என்று வைத்துக் கொள்வோம். வித்தியாசம் 60 ஆயிரம். 12 ஆண்டுகளில் 7 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்! பிள்ளை கல்லூரிக்குப் போகும் நாளில் அந்தப் பணம் கையில் இருந்தால் எவ்வளவு உதவி! கடன் வாங்கிப் படிக்க வைக்கும் வீட்டில், "உனக்காகத்தானே இவ்வளவு கஷ்டம்" என்ற பேச்சு தானாக வந்து விடும். அந்தப் பாரத்தை 6 வயதுப் பிள்ளை தாங்காது.

தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்கத் தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டுச் சட்டப்படி தனிக் குழு உண்டு. குழு நிர்ணயித்த கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். கட்டிய பணத்துக்கு ரசீது வாங்குங்கள்.

கேட்க வேண்டியது

பள்ளியைப் பார்க்கப் போகும்போது பிள்ளையையும் கூட்டிக் கொண்டு போங்கள். மாலையில் பள்ளி விடும் நேரம் நல்லது. வாசலில் நிற்கும் பெற்றோரிடம் பேசுங்கள். முதல் ராங்க் பிள்ளையின் தாயைத் தேடாதீர்கள். சுமாராகப் படிக்கும் பிள்ளையின் தாயைத் தேடுங்கள். "உங்கள் பிள்ளை சந்தோஷமாகப் பள்ளிக்கு வருகிறதா?" என்று மட்டும் கேளுங்கள்.

அந்தத் தாயின் முகமே பதில் சொல்லி விடும்.

எவ்வளவு பெரிய கெட்டிக்காரப் பிள்ளையும் ஒரு நாள் தவறும். தவறி விட்டு, மார்க்குச் சீட்டைக் கையில் பிடித்துக் கொண்டு ஆசிரியர் முன்னால் தலைகுனிந்து நிற்கும். அன்றைக்கு அந்த ஆசிரியர் என்ன சொல்வார் என்பதை, பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்து கொள்ளுங்கள்!