முகாமில் கேட்ட சிரிப்பு

"மனதை எப்போதும் மகிழ்ச்சியாக வைத்திருங்கள், நோய் அண்டாது" என்று யாரேனும் அறிவுரை கூறும்போதெல்லாம், 2005 ஜனவரியில் நான் கண்ட ஒரு பாடசாலை வகுப்பறைதான் என் நினைவுக்கு வருகின்றது.

2004 டிசம்பர் 26, போயா தினமான ஞாயிறு காலை, கடல் ஊருக்குள் புகுந்தது. இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்தது எமது அம்பாறை மாவட்டம். இறந்தோர் பத்தாயிரத்துக்கும் மேல். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, பாண்டிருப்பு என்று கரையோரமெங்கும் மரண ஓலம். நற்பிட்டிமுனை கடற்கரையிலிருந்து மேற்கே உள்வாங்கி இருப்பதால், செய்தி சேகரிக்கச் சென்ற என்னால் இரவில் என் வீட்டில் உறங்க முடிந்தது. அந்தக் குற்ற உணர்வு இன்றும் உண்டு.

அந்த வகுப்பறையில் பெண்கள் கூடி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தனர். நகைப்பெட்டி என்றெண்ணி வெற்றிலை வட்டாவைத் தூக்கிக்கொண்டு ஓடிய கதையை ஒரு மூதாட்டி சொல்ல, அனைவரும் வாய்விட்டுச் சிரித்தனர். அவர் இரு பேரப்பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவர். வெளியிலிருந்து வந்திருந்த உளவள ஆலோசகர் ஒருவர், "இழப்பை இவர்கள் மனம் இன்னும் ஏற்கவில்லை" என்று என் காதருகே சொன்னார். நானும் அவ்வாறே எழுதியனுப்பினேன். மறுநாள் அம்மூதாட்டியிடமே தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"அழுறதுக்கு ராவு கிடக்கு தம்பி. பகலைக்கு இந்தப் புள்ளையளுக்குச் சோறாக்கணுமே."

அவர் சொன்னதற்கு ஆதாரம் ஆய்வேட்டில் ஏற்கெனவே வெளியாகியிருந்தது என்பதைப் பிற்பாடுதான் அறிந்தேன். அமெரிக்க உளவியலாளர் பார்பரா ஃபிரெட்ரிக்சனும் குழுவினரும், 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு முன்னரும் பின்னரும் ஒரே மாணவர் குழுவை ஆராய்ந்து 2003இல் முடிவுகளை வெளியிட்டனர். மீண்டெழும் ஆற்றல் மிக்கோரும் துயருற்றனர், அஞ்சினர். ஆயினும் அத்துயரின் நடுவிலேயே நன்றியுணர்வும் அன்பும் அவர்களிடம் எழுந்தன. மனச்சோர்வில் வீழாமல் அவர்களைக் காத்தவை அவையே. அச்சத்தால் எகிறிய இதயத் துடிப்பு, மகிழ்வூட்டும் காட்சியைப் பார்த்தவர்களிடம் விரைவாக இயல்புக்குத் திரும்பியதையும் அவரது வேறு சோதனைகள் காட்டின. ஆக, அழுகையும் சிரிப்பும் ஒரே நெஞ்சில் குடியிருக்கலாம். அந்த ஆலோசகரும் நானும் தவறவிட்டது இதைத்தான்.

ஆனால் இதிலிருந்து "சிரித்தால் ஆயுள் கூடும்" என்ற இடத்துக்குத் தாவுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரித்தானியப் பெண்களைப் பத்தாண்டுகள் அவதானித்த ஆய்வொன்று 2015இல் லான்செட் சஞ்சிகையில் வெளிவந்தது. ஏற்கெனவே இருந்த நோய், புகைப்பழக்கம் முதலியவற்றைக் கணக்கிலெடுத்தபின், மகிழ்ச்சியற்றிருப்பது மட்டுமே மரணத்தை விரைவுபடுத்தியதாகத் தெரியவில்லை. நோய்தான் மகிழ்ச்சியைப் பறித்திருந்தது. நோயாளியைப் பார்த்து "நீ மனம் தளர்ந்ததால்தான் இந்த நிலை" என்பவர்கள் இதைச் சற்று வாசிக்கட்டும்.

எமது பகுதியில் இந்த "மனவலிமை" வேறொரு வேலைக்கும் பயன்பட்டது. கிழக்கில் கடலோரம் 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்றார்கள், பின்னர் தளர்த்தினார்கள். அதற்குள் மழையும் வெயிலுமாகத் தற்காலிகக் கொட்டில்களில் காலம் கழிந்தது. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபிய உதவியுடன் 500 வீடுகள் எழுந்தன. யாருக்கு எத்தனை என்ற இனத் தகராறு உயர் நீதிமன்றம் வரை சென்றது. வீடுகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன, பற்றைக்காடு சுவரேறியது. இவற்றுக்கிடையே ஒவ்வொரு டிசம்பரிலும் மேடையேறியோர், "எமது மக்கள் எதையும் தாங்கும் மனவலிமை உடையவர்கள்" என்று புகழ்ந்தனர். தாங்கவல்லவருக்கு அவசரமாக வீடு எதற்கு என்று எண்ணினார்களோ என்னவோ! அவ்வுரைகளை ஒரு வரி விடாமல் செய்தியாக்கி அனுப்பியவர்களில் நானும் ஒருவன்.

அம்மூதாட்டியைச் சில ஆண்டுகளின் பின் மீண்டும் சந்தித்தேன். தகரக் கூரையின் கீழ், உறவினர் வீட்டு முற்றத்தில் இருந்தார். நீரிழிவு முற்றியிருந்தது. அதே வட்டாவைத் துடைத்து என் முன்னே வைத்து, "நகைப்பெட்டி இதுதான் தம்பி, எடுங்க" என்று சிரித்தார்.