பரணி வேண்டா, பெயர்ப்பட்டியல் வேண்டும்

'போர்' என்னும் தலைப்பைக் கரும்பலகையில் எழுதியவுடன் தமிழ் மாணவனின் எழுதுகோல் தானாகவே ஓடத் தொடங்குகிறது. குருதி ஆறாகப் பெருகுகிறது. தலைகள் பனங்காய்களாக உருள்கின்றன. வீரர் விழுப்புண் தாங்கிச் சிரிக்கின்றனர். ஆசிரியரும் மகிழ்ந்து புள்ளிகளை அள்ளி வழங்குகிறார். அதே மாணவனிடம் மலாயாவின் வீழ்ச்சியைப் பற்றிக் கேட்டால், "ஜப்பானியர் வந்தனர்; வெள்ளையர் ஓடினர்" என்று இரண்டே தொடரில் முடித்துவிடுகிறான். முன்னது அலங்காரப் பொய். பின்னது சோம்பற் பொய். இரண்டிலும் மனிதன் இல்லை.

மனிதனைக் காண விரும்புவோர் ஒரு காலாட்படைப் பட்டாளத்தின் கதையைக் கற்கட்டும். 1941ஆம் ஆண்டின் இறுதியில் வட மலாயாவில் லெஸ்டர்ஷயர் முதலாம் பட்டாளமும் கிழக்குச் சர்ரே இரண்டாம் பட்டாளமும் காவல் புரிந்தன. முழு அளவில் ஒரு பட்டாளம் என்பது ஏறத்தாழ 800 பேர். லெஸ்டர் படையினரின் சின்னம் புலி. ஆயினும் அவர்களுடைய அன்றாட வாழ்வில் பரணிக்குரிய பொருள் எதுவும் இல்லை. மண்வெட்டி, முள்கம்பி, ஈரக் காலணி ஆகியவையே இருந்தன. ஜித்ராவில் அவர்கள் தோண்டிய அகழிகள் மழைநீரால் நிரம்பின. அரண்கள் முற்றுப்பெறுவதற்கு முன்பே, டிசம்பர் 11ஆம் நாள் பகைவர் டாங்கிகளுடன் வந்தனர். அன்று மலாயாவைக் காத்த படைகளிடம் ஒரு டாங்கிகூட இல்லை. மறுநாள் இரவு பின்வாங்கும் ஆணை பிறந்தது. அது சில பிரிவுகளை எட்டவே இல்லை. இருளிலும் சேற்றிலும் வழி தவறியோர் பலர். டிசம்பர் 15ஆம் நாள் குருணில் சர்ரே பட்டாளத்தின் தலைமையிடமே தாக்குண்டது. அதன் தளபதி சுவின்டன் மாண்டார்.

டிசம்பர் 20ஆம் நாள் ஈப்போவில் இரு பட்டாளங்களும் ஒன்றாக்கப்பட்டு, 'பிரிட்டிஷ் பட்டாளம்' என்னும் பெயரைப் பெற்றன. லெஸ்டர் படையின் மொரிசன் அதற்குத் தலைமை ஏற்றார். இரண்டு ஒன்றானது கூட்டற் கணக்கால் அன்று, கழித்தற் கணக்கால். மீந்தவர்களைக் கொண்டே ஒரு பட்டாளத்தை அமைக்க வேண்டியதாயிற்று. காலையில் பெயர் அழைக்கும்போது மறுமொழி வாராத பெயர்கள் எத்தனை என்பதை அந்த ஒரு செய்தியே சொல்லாமற் சொல்லும்.

வெள்ளையர் ஓடினர் என்போர் கம்பாருக்கு வரட்டும். பத்து நாள்களுக்குப் பின், அலுத்துச் சலித்த அதே மனிதர்கள்தாம் அங்குள்ள குன்றுகளில் மீண்டும் அகழி தோண்டினர். 1942 சனவரி முதல் நாள் ஜப்பானியர் அவர்களைக் கடுமையாகத் தாக்கினர். இரண்டு நாள்கள் குன்று கைமாறாமல் நின்றது. பறிபோன அகழிகளை மீட்கப் பஞ்சாப் படையின் சீக்கிய வீரர் துப்பாக்கி முனையில் கத்தி செருகிப் பாய்ந்தனர். அவர்களை நடத்திச் சென்ற கேப்டன் கிரகாம் உயிர் துறந்தார். இறுதியில் பட்டாளம் குன்றை விட்டு இறங்கியது ஏன்? கடல்வழியாகப் பேராக் கரையில் இறங்கிய பகைவர், தெற்கே செல்லும் சாலையை அடைக்க முற்பட்டமையால் அன்றோ? பணித்தபடி பின்வாங்குதலை ஓட்டம் என்று எள்ளுவது வரலாறு ஆகாது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். அவர்கள் ஆள வந்தவர்களின் படையினர். அவர்களுக்காகத் தமிழ்ப் பிள்ளை ஏன் இரங்க வேண்டும் என்பர் சிலர். மலாயாவைப் போதிய விமானமும் டாங்கியும் இன்றிக் காக்கலாம் என்று முடிவு செய்தவர்கள் அகழியில் நிற்கவில்லை. நின்றவன் ஆணைக்குக் கட்டுப்பட்ட எளிய மனிதன். ஆட்சியைக் கண்டிப்பதற்கு அவன் சாவை மறைக்க வேண்டிய தேவை இல்லை.

மேலும், அவன் கதை சிங்கப்பூர் சரணடைந்த பிப்ரவரி 15ஆம் நாளோடு முடியவில்லை. உயிர் தப்பியோர் சிறைப்பட்டனர். அவர்களுள் பலர் சயாம் மரண ரயில் பாதைக்கு அனுப்பப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமான அப்பாதையில் ஏறத்தாழ 12,000 போர்க்கைதிகள் பசியாலும் பேதியாலும் மலேரியாவாலும் மடிந்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழரும் அதே பாதையில் பல்லாயிரவராக மாண்டனர். கைதிகள் முகாமில் இறந்தோர் பெயர்களை எழுதி மறைத்துக் காத்தனர். ஆதலின் காஞ்சனபுரிக் கல்லறையில் அவர்களுக்குப் பெயர் பொறித்த கற்கள் உள்ளன. தமிழ்த் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோர்க்கு அத்தகைய கல் இல்லை. அவர்களுக்குப் பட்டியலே இல்லை. பெயரை எழுதி வைப்பது எத்துணைப் பெரிய அறம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இந்த அறம் தமிழர்க்குப் புதியதன்று. ஆயிரம் யானைகளை வென்ற தலைவனுக்குப் பரணி பாடிய அதே மரபு, ஊரின் ஆநிரை காத்து வீழ்ந்த எளிய மறவனுக்கு அவன் பெயரையும் செயலையும் பொறித்து நடுகல்லும் நாட்டியது. வகுப்பறை பரணியைப் பிடித்துக்கொண்டு நடுகல்லைக் கைவிட்டதுதான் குறை.

நாள்தோறும் காலையில் வருகைப் பதிவேட்டைத் திறந்து, ஒரு பெயரும் விடுபடாமல் அழைப்பவர் ஆசிரியர். மறுமொழி வாராத பெயருக்கு எதிரே காரணம் எழுதாமல் அவர் ஏட்டை மூடுவதில்லை. அந்தப் பழக்கத்தையே போரைப் பற்றிய பாடத்திலும் அவர் கைக்கொள்ளட்டும். குருதி ஆற்றுக்குப் புள்ளி வழங்குவதை நிறுத்தட்டும். கம்பார் அகழியில் ஒரு படைவீரனின் ஒரு நாளை எழுதுமாறு மாணவனைப் பணிக்கட்டும். சயாமுக்குப் போய்த் திரும்பாத பாட்டனின் பெயரை வீட்டில் கேட்டு எழுதி வருமாறும் பணிக்கட்டும். அப்பெயர் ஏட்டில் ஏறும் நாளில்தான் அந்த மாணவன் போரைப் பற்றி முதன்முதலாக ஓர் உண்மையை எழுதியவன் ஆவான்.