கூடி நகுதல்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையையே முதலில் வைத்தார். பிறரை எள்ளுவதும், இளமையின் துடுக்கும், அறியாமையும், சொன்னதை அப்படியே நம்பும் மடமையும் அதற்கு நான்கு நிலைக்களன்கள் என்றும் வகுத்துரைத்தார். இந்நான்கனுள் இன்றைய திரைநகை பெரும்பாலும் எள்ளல் ஒன்றையே பற்றி நிற்கிறது. ஒருவரது நிறமும் பருமனும் உடற்குறையுமே சிரிப்புக்குப் பொருளாகின்றன. திருக்குர்ஆனின் 49ஆவது அத்தியாயமாகிய அல்ஹுஜுராத், பிறரைப் பரிகசிப்பதையும் பட்டப்பெயரிட்டு அழைப்பதையும் கண்டிக்கிறது. அந்நெறி போற்றும் இல்லங்களில் இத்தகைய நகை எவ்வாறு இடம்பெறும்?

திரைப்படம் பற்றிப் பேசுவதற்கு இம்மலர் ஏற்ற இடமா எனப் பெரியோர் வினவக்கூடும். அன்று படம் கொட்டகையில் இருந்தது. பிள்ளையைப் போகாதே என்று தடுக்க இயன்றது. இன்று அது பிள்ளையின் உள்ளங்கையில் இருக்கிறது. ஒரே கூரையின் கீழ் நால்வர் நான்கு கைப்பேசிகளில் தனித்தனியே சிரிக்கின்றனர். எனவே, "பார்க்காதே" என்பதைவிட, "வா, சேர்ந்து பார்ப்போம்" என்பதே பயன் தரும் என்பது என் கருத்து. 1981ஆம் ஆண்டின் 'தில்லு முல்லு'வை எல்லோரும் அறிவர். அது 2013இல் மீண்டும் எடுக்கப்பெற்றது. இளையோர் துணுக்குக் காட்சிகளாக மட்டுமே அறிந்த, எங்கள் இல்லத்தில் மூன்று தலைமுறையினரும் விரும்பிப் பார்க்கின்ற வேறு மூன்று படங்களை இங்குப் பரிந்துரைக்கிறேன்.

முதலாவது, கே. பாக்யராஜ் இயக்கி நடித்த 'இன்று போய் நாளை வா' (1981). போர்க்களத்தில் இராமன் இராவணனிடம் காட்டிய பெருந்தன்மைக்குக் கம்பர் தந்த சொற்களே இதன் தலைப்பு. நீதியரசர் மு. மு. இஸ்மாயில் வழியே கம்பனை நெருங்கி அறிந்த நம் சமுதாயத்திற்கு, அத்தொடர் ஒரு தெருக் காதலுக்குத் தலைப்பாக இறங்கி வந்ததே முதல் நகை. எதிர்வீட்டுப் பெண்ணின் மனத்தை வெல்ல மூன்று நண்பர்கள் அவ்வீட்டாரை வசப்படுத்த முனைகின்றனர். ஒருவன் இந்தி கற்கச் செல்கிறான்; பாடத் தொடர் அவன் நாவில் 'ரகு தாத்தா' ஆகிறது. 2024இல் வெளிவந்த ஒரு படத்திற்கே அது பெயராயிற்று. அறியாத மொழியைத் தன் மொழியின் ஒலிகொண்டு பற்ற முயலும் மாணவனை ஆசிரியர் எவரும் அறிவர். இங்கு நகை மொழியிலேயே பிறக்கிறது. எவர் உடலையும் அது பழிக்கவில்லை.

இரண்டாவது, விசு இயக்கிய 'மணல் கயிறு' (1982). மணலைக் கயிறாகத் திரிக்க இயலாது. அவ்வாறே நிறைவேற இயலாத எட்டு நிபந்தனைகளோடு பெண் தேடுகிறான் கிட்டுமணி. அத்தனையும் பொருந்திய பெண் என்று பொய்யுரைத்து மணமுடித்து வைக்கிறார் நாரதர் நாயுடு. இதுவும் எள்ளல்தான்; ஆனால் எள்ளப்படுவது மனிதனின் உடலன்று, அவனது செருக்கு. மணமகன் மஹர் தந்து மணத்தல் நம் மார்க்க நெறி. அந்நெறியை ஏட்டில் வைத்துவிட்டுக் கைக்கூலி கேட்டு நிபந்தனைகள் அடுக்குவோர் நம்மிடையே இல்லையா? மேடைப் பேச்சு பல செய்ய இயலாததை இப்படம் ஒரு சிரிப்பில் செய்துவிடும்.

மூன்றாவது, சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்த 'பேசும் படம்' (1987). கன்னடத்தில் 'புஷ்பக விமானா' என்னும் பெயரில் தேசிய விருது பெற்ற இதில் உரையாடலே இல்லை. தமிழாசிரியன் சொல்லே இல்லாத படத்தைப் பரிந்துரைப்பதா? ஆம். உள்ளத்து உணர்வு உடலில் புலப்படுவதே மெய்ப்பாடு எனில், அவ்வியலுக்கு இதனினும் நல்ல விளக்கவுரை திரையில் அரிது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும், பள்ளி செல்லாத குழந்தையும், செவிப்புலன் குன்றியோரும் ஒருசேரச் சிரிப்பர். வேலையற்ற இளைஞன் ஒருவன் மற்றொருவனது செல்வத்தில் சில நாள் திளைத்து, இறுதியில் வேலை தேடுவோர் வரிசைக்கே திரும்புகிறான். உழைக்காது வந்த செல்வம் நில்லாது என்னும் பாடம் அறிவுரையின்றியே மனத்தில் பதிகிறது.

இப்படங்கள் குறையற்றவை அல்ல. பெண்ணைப் பின்தொடர்வதை 'இன்று போய் நாளை வா' விளையாட்டாகக் காட்டுவது இன்று ஏற்கத் தக்கதன்று. கணவனின் நிபந்தனையைப் பொய்யால் வெல்வது முறையா என்னும் வினாவை 'மணல் கயிறு' எழுப்புகிறது. அதனாலேயே பிள்ளைகளைத் தனியே விடாமல் பெற்றோரும் உடனிருந்து பார்க்க வேண்டும் என்கிறேன். எங்குச் சிரித்தோம், ஏன் சிரித்தோம், எங்குச் சிரித்திருக்கக் கூடாது என்று பேசும் இல்லமே சிறந்த வகுப்பறை.

மாணவச் செல்வங்களே! வரும் விடுமுறையில் ஒரு மாலை கைப்பேசியைச் சற்றே ஒதுக்கி வையுங்கள். வாப்பாவையும் உம்மாவையும் பாட்டியையும் அழைத்து இவற்றுள் ஒன்றைக் காணுங்கள். எவரையும் புண்படுத்தாத சிரிப்பு எத்துணை இனியது என்பதை உங்கள் வீடே உங்களுக்குச் சொல்லும்.