பக்கத்துப் புத்தகத்துப் புலி

அக்கா போனில் கூப்பிட்டாள். ''உன் மருமகனுக்கு நீயாவது நாலு வார்த்தை சொல்லுடா. அவன் பெரியப்பா பையனைப் பார்த்தாவது திருந்தட்டும்!''

பெரியப்பா பையன் திருச்செங்கோட்டில் ரிக் லாரி வைத்திருக்கிறான். மாநிலம் மாநிலமாகப் போய் போர்வெல் போடுகிற வண்டி. நம்மவன் சேலத்தில் ஓர் ஆபீசில் கணக்கு எழுதுகிறான். தாய்மாமன் கடமை. ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போனேன்.

திண்ணையில் மூன்று சிநேகிதர்களோடு உட்கார்ந்து பையன் பகடை உருட்டிக்கொண்டிருந்தான். பகீரென்றது. தருமர் வழியில் இறங்கிவிட்டானோ?

''காசு வெச்சு ஆடலைங்க மாமா. இது கதை ஆட்டம்.''

விஷயம் இதுதான். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு பேர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று ஓர் ஆட்டத்தைக் கொண்டுவந்தார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். 'நான் கதவை உடைக்கிறேன்' என்று வாயால் சொன்னால் போதும். உடைந்தது கதவா, தோள்பட்டையா என்பதைப் பகடை சொல்லும். நம்ம ஊர் தெருக்கூத்து மாதிரி விடிய விடிய ஆடலாம். அரிதாரச் செலவு மிச்சம்.

பின்னால் வந்த சில ஆட்டங்களில் குணத்துக்கு விலை வைத்தார்கள். ஆரம்பத்தில் கையில் கொஞ்சம் புள்ளி தருவார்கள். நல்ல குணம் வேண்டுமா? புள்ளியைக் கொடு. ஒரு குறையை ஏற்றுக்கொள்கிறாயா? புள்ளி வாங்கிக்கொள். சுத்தமான மளிகைக் கடைக் கணக்கு!

1991-ல் ரத்தக் காட்டேரிகளுக்கு 'வேம்பயர்', 1992-ல் ஓநாய் மனிதர்களுக்கு 'வேர்வுல்ஃப்' என்று ஒரே கம்பெனி புத்தகம் போட்டது. இரண்டும் பங்காளிகள்.

''அதுல இருக்கிற குணத்தை இதுக்குக் கடன் வாங்கக் கூடாதா?'' என்றேன்.

''வாங்கலாங்க. ஆனா விலையை மறுபடி போடணும். காட்டேரிக்கு ரத்தம் தவிர எதுவும் இறங்காது. அதனால 'சோறு திங்க முடியும்'ங்கறது அங்க ஒரு புள்ளி குடுத்து வாங்கற வரம். ஓநாய் அதையே புள்ளி குடுத்து வாங்கினா?''

சிரித்துவிட்டேன். ஓநாய்க்குத் தின்னக் கற்றுக்கொடுக்க வேண்டுமா!

''நம்ம ஆடுபுலி ஆட்டத்தையே எடுத்துக்கங்க. 3 புலி, 15 ஆடு, காய் வைக்க 23 இடம். நேபாளத்துல 'பாக் சால்'னு இதுக்கு ஒரு தங்கச்சி ஆட்டம். அங்க 4 புலி, 20 ஆடு, 25 இடம். அந்த நாலாவது புலியை மட்டும் இங்க இறக்கினா?''

''ஆட்டுக்கெல்லாம் பிரியாணிதான்.''

''அதாங்க. புலி வேணும்னா ஆட்டையும் சேர்த்து ஓட்டிட்டு வரணும். கோட்டையும் மாத்திப் போடணும்.''

இதுதான் சமயம் என்று தொண்டையைச் செருமினேன். ''மாப்ளே, உங்க பெரியப்பா பையன் துணிச்சல்ல பாதி உனக்கு இருந்தா...''

''அண்ணன் போன தீபாவளிக்கு எங்க இருந்தாரு?''

''ஒடிசா பக்கம்.''

''குழந்தை பொறந்தப்ப?''

''மத்தியப் பிரதேசம்.''

''அண்ணனைக் குறை சொல்லலைங்க மாமா. அவரு விலையைக் குடுத்துத்தான் துணிச்சலை வாங்கியிருக்காரு. எனக்கும் ஆசைதான். ஆனா அம்மாவுக்கு ராத்திரி மாத்திரை எடுத்துக் குடுக்கறது நான். ரெண்டையும் ஒரே கணக்குல எழுதிட்டுச் சொல்லுங்க.''

கொண்டுபோன நாலு வார்த்தையும் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

யோசித்துப் பார்த்தால் நாமெல்லாம் செய்கிற வேலைதான் சார் இது. பக்கத்து சீட்டுக்காரரின் சுறுசுறுப்பு வேண்டும், அவருடைய அல்சர் வேண்டாம். நண்பனின் பதவி வேண்டும், ராத்திரி பதினோரு மணிக்கு அவனுக்கு வருகிற போன் வேண்டாம். அடுத்தவன் புத்தகத்திலிருந்து புலியை மட்டும் கிழித்து எடுக்கப் பார்க்கிறோம். கடன் வாங்குவது தப்பில்லை. நம் வீட்டுக் கோட்டில் அது எத்தனை ஆட்டைத் தின்னும் என்று பார்த்து வாங்க வேண்டும்.

அக்கா காப்பியோடு வந்தாள். ''சொன்னியாடா?'' என்றாள், ரகசியக் குரலில்.

''பேசி முடிச்சாச்சுக்கா. ரிக் லாரியில ஒடிசாவுக்கு அனுப்பிடலாம். ராத்திரி மாத்திரைக்கு மட்டும் நீ வேற ஆள் பார்த்துக்க.''

அக்கா திண்ணைப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள்.

''அவன் கிடக்கறான். நீ காப்பியைக் குடி, ஆறிடப் போகுது'' என்றாள்.