வீட்டை விற்கத் தரகர் வேண்டுமா?

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொன்ன பெரியவர்கள், வீட்டை விற்றுப் பார் என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள். வீட்டை விற்பது அந்த நாளில் கௌரவக் குறைவு. விளக்கு வைத்த பிறகு தரகரை வரவழைத்து, காதோடு காதாகப் பேசி முடிப்பார்கள். இன்று அப்படி ஒளிக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். வயதான தம்பதி இருவர் மட்டும் ஆறு அறை வீட்டைப் பெருக்கித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். விற்றுவிட்டு மாடிப்படி ஏறவேண்டாத சிறிய வீடு ஒன்றுக்குப் போய்விடலாம் என்று தீர்மானமாகிறது. மறுநாள் காலையே அடுத்த கேள்வி எழுகிறது. தரகரிடம் சொல்வதா, சொல்லாமல் தாங்களே விற்பதா?

அநேகமாக எல்லாக் குடும்பங்களிலும் இது கமிஷன் கணக்காகவே பேசப்படுகிறது. வீடு 80 லட்ச ரூபாய் பெறும் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் தரகு நூற்றுக்கு 1 அல்லது 2 என்பது வழக்கம். விற்பவரிடமும் வாங்குபவரிடமும் தனித்தனியே வாங்குவதும் உண்டு. இரண்டு சதவீதம் என்றால் 1,60,000 ரூபாய். “நாலு பேரைக் கூட்டிவந்து காட்டுவதற்கு ஒன்றரை லட்சத்துக்கு மேலா?” என்கிறார் வீட்டுக்காரர். “வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் கதவைத் திறந்துவிட என்னால் ஆகாது” என்கிறார் மனைவி. இரண்டு பேர் சொல்வதும் நியாயந்தான். ஆனால் அசல் விஷயம் இரண்டிலும் இல்லை.

அசல் விஷயம் விலை. 80 லட்சத்துக்குப் போக வேண்டிய வீடு 75 லட்சத்துக்குப் போனால் சொந்தக்காரருக்கு 5 லட்சம் நஷ்டம். தரகருக்கு என்ன நஷ்டம்? 1,60,000 வர வேண்டிய இடத்தில் 1,50,000 வரும். பத்தாயிரம் ரூபாய்தான் வித்தியாசம். அந்தப் பத்தாயிரத்துக்காக அவர் இன்னும் இரண்டு மாதம் பெட்ரோல் செலவழித்து ஆட்களை அழைத்து வருவாரா? “வந்த பார்ட்டியை விட்டுவிடாதீர்கள் சார், மார்க்கெட் டல்லாக இருக்கிறது” என்று அவர் சொல்வதில் வஞ்சகம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவருடைய கணக்குக்கு அது சரியான யோசனை. வீட்டுக்காரரின் கணக்குக்கு அது சரியில்லை.

அமெரிக்காவில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஸ்டீவன் லெவிட், சாட் ஸைவர்சன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் சிகாகோ பகுதியில் நடந்த சுமார் ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து, 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது, அதே மாதிரியான பிறர் வீட்டுக்குக் கிடைத்ததைவிட 3.7 சதவீதம் அதிக விலை பெற்றார்கள். அதற்காக ஒன்பது நாட்களுக்கும் சற்று அதிகமாகப் பொறுத்திருந்தார்கள். தன் வீடு என்றால் காத்திருக்கலாம், பிறர் வீடு என்றால் முடித்துவிடலாம்! நம் 80 லட்சத்துக்கு அந்த 3.7 சதவீதம் ஏறக்குறைய 3 லட்சம். கமிஷனைப்போல இரண்டு மடங்கு.

அப்படியானால் தரகரை ஒதுக்கிவிட்டால் அந்த மூன்று லட்சமும் கைக்கு வந்துவிடுமா? வராது. தரகருக்குத் தெரிந்த விலை சொந்தக்காரருக்கும் தெரிந்திருந்தால்தான் வரும். விஸ்கான்சின் மாகாணத்து மாடிசன் நகரில், தாமே விற்றவர்களையும் தரகர் மூலம் விற்றவர்களையும் ஒப்பிட்ட இன்னொரு ஆராய்ச்சி 2009-ல் வெளியாயிற்று. தரகர் மூலம் போனதால் மட்டும் விலை கூடிவிடவில்லை என்று அது கண்டது. ஆனால் தாமே விற்கப் புறப்பட்டவர்களுக்குக் காலம் அதிகம் பிடித்தது. அவர்களில் ஒரு பகுதியினர் கடைசியில் தரகர் வாசலுக்குத்தான் போனார்கள். நம் ஊர் நடைமுறை வேறுதான்; மனித சுபாவம் வேறல்ல.

சொந்தக்காரருக்கு விலை எப்படித் தெரியும்? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். எதிர்வீட்டுக்காரர் “நான் ஒன்றேகால் கோடிக்கு விற்றேன்” என்று சொன்னதை அப்படியே நம்பிவிடுகிறார்கள். அல்லது அரசாங்கத்தின் வழிகாட்டி மதிப்பைப் பார்த்துவிட்டு அதுதான் விலை என்று எண்ணுகிறார்கள். வழிகாட்டி மதிப்பு முத்திரைத் தீர்வைக்காக நிர்ணயித்தது. 2017-ல் அதை 33 சதவீதம் குறைத்தார்கள். 2023-ல் மறுபடி பழைய நிலைக்கே ஏற்றினார்கள். இடையில் எந்த வீட்டின் சந்தை விலையும் அப்படி ஒரே நாளில் இறங்கி ஏறிவிடவில்லை.

இதைவிடப் பயனுள்ள வழிகள் உண்டு. பதிவுத் துறையின் இணையதளத்தில் சொந்த வீட்டுக்கு மட்டுமன்றி அக்கம்பக்கத்துச் சர்வே எண்களுக்கும் வில்லங்கம் போட்டுப் பார்க்கலாம். சமீபத்தில் யார் என்ன தொகைக்குக் கிரயம் செய்தார்கள் என்பது அதில் தெரியும். பத்திரத்தில் எழுதும் தொகை உண்மையில் கைமாறியதைவிடக் குறைவாக இருப்பது ஊரறிந்த ரகசியம். ஆகவே அதைத் தரைமட்டமாக மட்டும் கொள்ள வேண்டும். இரண்டாவது வழி இன்னும் நல்லது. அதே பேட்டையில் விலைக்கு இருக்கும் மூன்று நான்கு வீடுகளை, வாங்குபவர்போலப் போய்ப் பார்த்துவிட்டு வருவது. சொல்லும் விலை எது, இறங்கும் விலை எது என்பது அரை மணி நேரத்தில் புரிந்துவிடும். இதில் கொஞ்சம் கள்ளம் இருக்கிறது, இருக்கட்டும். வாங்க வருகிறவர் பத்து வீடு பார்த்துவிட்டுத்தான் வருகிறார். விற்பவர் ஒரு வீடுகூடப் பார்க்காமல் அவர் எதிரே உட்காருவது எப்படி?

பழைய வீடானால் இன்னொரு சங்கடம். நாற்பது வருஷத்துக் கட்டடத்துக்கு வாங்குபவர் அநேகமாக எதுவும் தரமாட்டார். சென்னையில் கிரவுண்டுக்கு இவ்வளவு, மற்ற ஊர்களில் சென்ட்டுக்கு இவ்வளவு என்று மனைக்குத்தான் விலை. கட்டடத்தை அவர் இடிக்கப்போகிறார். சொந்தக்காரரோ பர்மா தேக்கில் செய்த நிலையைத் தடவிக் காட்டுகிறார். ஊஞ்சல் சங்கிலி எந்த வருஷம் வாங்கியது, கிணறு எந்தக் கோடையிலும் வற்றாதது, கொல்லைப்புறத்து மாமரம் எத்தனை காய் காய்க்கும் என்றெல்லாம் விவரிக்கிறார். வந்தவர் தலையாட்டிக்கொண்டே சுவரில் ஓதம் ஏறியிருப்பதைப் பார்க்கிறார். தன்னோடு வந்த மேஸ்திரியிடம், “இதை எடுத்துவிட்டால் கார் இரண்டு நிற்குமா?” என்று கேட்கிறார். ‘இது’ என்றது மாமரத்தை.

தரகர் நடுவில் இருந்தால் இந்தப் பேச்சு சொந்தக்காரர் காதில் விழாது. அல்லது, விழும்போது நாசூக்காக விழும். தாமே விற்கிறவர்கள் இதை நேராகக் கேட்டாக வேண்டும். கேட்டுவிட்டுக் கோபத்தில் நல்ல ஆளைத் துரத்திவிடுகிறவர்களும் உண்டு. வீட்டைப் புகழ்ந்து பேசினார் என்பதற்காகவே இன்னொருவருக்கு மூன்று லட்சம் குறைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. இரண்டும் கமிஷனைவிடப் பெரிய நஷ்டம். தந்தையால் பேச முடியாது என்றால் மகளோ மருமகனோ பேசட்டும். தாம் வளர்ந்திராத வீட்டைப் பற்றி மருமகன்கள் வெகு நன்றாகப் பேரம் பேசுவார்கள்.

நேராக விற்கிறவர்கள் எதிர்பாராத இன்னொன்றும் இருக்கிறது. “தரகர் வேண்டாம்” என்று அச்சிட்டு விளம்பரம் கொடுத்தாலும் முதல் நாள் வரும் தொலைபேசி அழைப்புகளில் முக்கால்வாசி தரகர்களுடையதாகவே இருக்கும். உண்மையாக வாங்க வருகிறவரும், “உங்களுக்குத் தரகு மிச்சம்தானே, அதைக் கழித்துச் சொல்லுங்கள்” என்பார். அவருக்கும் தரகு மிச்சம் என்பதை அப்போது அவர் மறந்துவிடுவார். ஆகவே மிச்சமாகும் 1,60,000-ல் பாதியாவது பேரத்தில் கரையும் என்று முதலிலேயே எதிர்பார்ப்பது நல்லது.

தரகரே தேவைப்படாத சந்தர்ப்பமும் ஒன்று உண்டு. பல வீடுகளை வாங்குபவர் நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறார். குடியிருப்பவர், பக்கத்து மனைக்காரர், அதே தெருவில் தம்பிக்கு இடம் தேடுகிறவர், இவர்களிடம் முதலில் சொல்லாமல் தரகரிடம் ஓடினால், தரகர் அழைத்துவருவதும் அவர்களைத்தான். பக்கத்து வீட்டுக்காரருக்கு அவசரம் தெரிந்துவிடக்கூடாது, அவ்வளவுதான்.

பத்திர விஷயங்களைத் தரகர் பார்த்துக்கொள்வார் என்பது பெரும்பாலோரின் நம்பிக்கை. இது தவறு. தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வரி ரசீது, கட்டட அனுமதி வரைபடம் எல்லாம் தரகர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சொந்தக்காரர்தான் எடுத்துவைக்க வேண்டும். தகப்பனார் பெயரிலேயே இருக்கும் வீட்டுக்கு வாரிசுச் சான்றும், கூடப் பிறந்த சகோதரிகளின் கையெழுத்தும் வேண்டும். எந்தத் தரகராலும் அதை உண்டாக்க முடியாது. ஐநூறோ ஆயிரமோ கூடக் கொடுத்து நல்ல வக்கீல் ஒருவரிடம் காகிதங்களைக் காட்டிவிட்டு விளம்பரம் கொடுப்பதே முறை. சொத்தில் வாங்குபவருக்குச் சாதாரணமாகத் தெரியவராத குறை ஏதேனும் இருந்து அது விற்பவருக்குத் தெரியுமானால், அதைச் சொல்லிவிட வேண்டும் என்பது 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்திலேயே இருக்கிறது. அசல் பத்திரத்தை யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது; நகல் போதும்.

“பவர் எழுதிக் கொடுத்துவிடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று ஒரு தரகர் சொன்னால், அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடலாம். விற்கும் அதிகாரத்தையே அவர் கையில் கொடுத்தபிறகு விலை பேச வீட்டுக்காரருக்கு என்ன இருக்கிறது?

ரொக்க விவகாரத்தில்தான் தனியாக விற்கிறவர் அதிகம் தடுமாறுகிறார். தமிழ்நாட்டில் 2023-ல் செய்த மாற்றத்தின்படி முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 80 லட்சத்துக்கு 7,20,000 ரூபாய் வாங்குபவர் தலையில் விழுகிறது. பத்திரத்தில் 55 போடுவோம், மீதி கையில் தருகிறேன் என்று அவர் சொல்வது அதனால்தான். லாபம் அவருக்கு, தொல்லை விற்பவருக்கு. வீட்டுக் கிரயத்தில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக்கூடாது என்று வருமான வரிச் சட்டத்தில் 2015-ல் விதி வந்தது. வாங்கியது தெரிந்தால் அந்தத் தொகை அவ்வளவும் அபராதமாகலாம். இருபத்தைந்து லட்சத்தைப் பையில் வாங்கிவந்து வயதானவர்கள் எந்த பாங்கியில் போடுவார்கள்? தரகர் இருந்தால் இதற்கு மறுப்புச் சொல்வார் என்று எண்ண வேண்டாம்; இந்த யோசனையைப் பல சமயம் சொல்வதே அவர்தான்.

இவ்வளவும் சொன்னதால் தரகர் தொழிலே வீண் என்று ஆகிவிடாது. வெளியூரில் இருப்பவர், வீட்டில் துணைக்கு ஆளில்லாத விதவை, மூன்று மாதத்தில் பணம் வேண்டியவர், சிறு வீடுகள் உள்ள தெருவில் மூன்று கிரவுண்ட் மனை வைத்திருப்பவர், இவர்கள் தரகரைத் தேடுவதே புத்திசாலித்தனம். பெரிய மனைக்கு ஆள் எங்கே இருக்கிறான் என்பது தரகருக்குத்தான் தெரியும். அந்தத் தகவலுக்குத்தான் கூலி.

அப்படி வைத்துக்கொள்ளும்போது பேச்சு எழுத்தில் இருக்க வேண்டும். கமிஷன் எத்தனை சதவீதம், எப்போது கொடுப்பது என்பது முக்கியம். கிரயம் பதிவாகும் நாளில் கொடுப்பதே சரி. முன்பணம் வாங்கிய அன்று அல்ல. பாங்கி மூலம் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டால், மூலதன ஆதாய வரிக் கணக்கில் அதைச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம். “உங்களுக்கு என்ன வேண்டும் சொல்லுங்கள், அதற்கு மேல் வருவது என்னுடையது” என்ற ஏற்பாட்டுக்கு மட்டும் இணங்கக் கூடாது. வீட்டுக்காரருக்குத் தெரியாமல் தரகர் தாமே சொத்தை வாங்கி லாபம் அடித்திருந்தால் அந்த லாபத்தைக் கேட்கும் உரிமை 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தில் இருக்கிறது. தெரிந்தே சம்மதித்துவிட்டால் பிறகு கேட்க ஒன்றுமில்லை.

நாலு தரகரிடம் சொல்லிவைப்பதும் ஆபத்து. ஒருவர் 80 என்பார், ஒருவர் 86 என்பார், இன்னொருவர் 78 என்பார். மூன்றையும் கேட்ட வாங்குபவர், வீட்டில் ஏதோ கோளாறு என்று ஒதுங்கிவிடுவார். கிரயம் முடிந்த அன்றோ, வீட்டை முதலில் காட்டியது நான்தான் என்று இரண்டு பேர் வாசலில் வந்து நிற்பார்கள்.

கையில் அவகாசமும் தைரியமும் உள்ளவர்கள் முதல் இரண்டு மாதம் தாங்களே முயன்று பார்க்கலாம். காலண்டரில் ஒரு தேதியைக் குறித்துக்கொண்டு, அதுவரை எந்தத் தரகருக்கும் வாக்குக் கொடுக்காமல் இருக்க வேண்டும். வீடு பார்க்க வந்தவர்களின் பெயர், ஊர், வந்த நாள், கேட்ட விலை எல்லாம் ஒரு நோட்டில் ஏறட்டும். தேதி கடந்து தரகரைக் கூப்பிடும்போது அந்த நோட்டின் நகலை அவரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டால், பிறகு அவர் அந்தப் பட்டியலிலிருந்தே ஒருவரை அழைத்துவந்து “புதுப் பார்ட்டி சார்” என்று அறிமுகம் செய்ய முடியாது.